பழைய பொருளைப் பிரித்து விற்றுப் பிழைப்பது எப்படி: கைமுதல் இல்லாதவர்களுக்கு

ஒரு சாக்கு நிறையப் பழைய பொருள்களை அள்ளிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போகிறவருக்கு, அந்தச் சாக்கில் உள்ளவற்றிலேயே மட்டமான பொருளின் விலைதான் கிடைக்கும். அதே சாக்கை வீட்டு வாசலில் கொட்டி, இரும்பு தனி, அலுமினியம் தனி, பித்தளை தனி, செம்பு தனி, அட்டை தனி, பால் கவர் தனி என்று பிரித்துக் கட்டிக்கொண்டு போகிறவர் இரண்டு மடங்கு, சில நாள்களில் மூன்று மடங்கு பணத்துடன் வீடு திரும்புவார். சரக்கும் அதுவேதான், எடையும் அதுவேதான். இரண்டு மணி நேர உழைப்பும், எது எந்தப் பொருள் என்று அடையாளம் காணும் அறிவும் மட்டுமே கூடியிருக்கின்றன. ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் தோளில் சாக்குடன் தெருத்தெருவாக நடந்து இந்தத் தொழிலைத் தொடங்கி, பிற்பாடு பல ஆண்டுகள் சொந்தமாகப் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவன் நான். கடைக்காரர்கள் பொதுவாக வெளியே சொல்லாத அந்த அடையாள அறிவை, கையில் நூறு ரூபாய்கூட இல்லாமல் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறவர்கள் பலரும் சொல்லும் காரணம் கூச்சம்தான். தெருவில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்ற அந்தத் தயக்கம் எனக்கும் முதல் மாதம் முழுவதும் இருந்தது. ஒரு வீட்டில் கிழமை தவறாமல் போய் நின்று, நேர்மையாக எடை போட்டு, கீழே சிந்தியதையும் கூட்டி அள்ளிக்கொண்டு வருகிறவரை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை என்பதை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவு சேகரிப்போரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களையும் குப்பை மேலாண்மையில் இணைத்துக்கொள்ளும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டன. ஆகவே உங்கள் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் அடையாள அட்டை தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் சாக்குடன் நடக்கும்போது காவலர் நிறுத்திக் கேட்டால் அந்த அட்டை பேசும்.

தொடங்கும் முன்

முதல் கருவி காந்தம். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழுதாகித் தூக்கிப் போட்ட ஸ்பீக்கரின் பின்புறம் வட்டமாக ஒட்டியிருக்கும் காந்தமே போதும். அதைக் கழற்றி ஒரு கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு பழைய அரம், ஒரு கத்தி, ஒரு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர் ஆகியவை வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் காலி சிமெண்டுச் சாக்குகளும், மளிகைக் கடைகளில் காலிச் சர்க்கரைச் சாக்குகளும் கேட்டால் கிடைக்கும். ஏழெட்டாவது சேர்த்து வையுங்கள். கையுறையும் மூடிய செருப்போ ஷூவோ இல்லாமல் ஒரு நாளும் வேலைக்கு இறங்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், செய்யப்போகும் வேலையைச் சொல்லி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து தொடங்குவதே முறை. துருப்பிடித்த தகரம் கையைக் கீறாத வாரம் இந்தத் தொழிலில் கிடையாது.

தராசு தொடக்கத்தில் இருக்காது. ஆனால் கடைக்காரரின் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை மூடி திறக்காமல் வைத்தால், பாட்டிலின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குடிக்க எடுத்துப் போகும் பாட்டிலைச் சரக்குடன் சேர்த்துத் தட்டில் வைப்பதுபோல முதலில் தனியே வைத்துப் பாருங்கள். தொள்ளாயிரம் கிராம் என்று காட்டினால் அந்தக் கடையிலிருந்து சண்டை போடாமல் சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது தொழிலாளர் துறையின் வேலை. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் உரிமை.

சரக்கு எங்கே கிடைக்கும்

புதிதாக வருகிறவர்கள் குப்பைமேட்டுக்குப் போகிறார்கள். அங்கே போகாதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. குப்பைமேட்டில் கிடைக்கும் பொருள் ஈரமானது, அழுகலுடன் கலந்தது, ஏற்கெனவே பத்துப் பேர் கிளறியது; ஊசியும் உடைந்த கண்ணாடியும் அதற்குள் இருக்கும். பொருள் குப்பையாக மாறுவதற்கு முன்பே, அது பிறக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். டீக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பால் கவர் சேருகிறது, இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப்பில் வாரத்துக்கு எத்தனை பழைய செயின், கேபிள், பேரிங் கழற்றிப் போடுகிறார்கள், பிளம்பர் பழைய குழாய்களை என்ன செய்கிறார், எலக்ட்ரீஷியன் துண்டு வயர்களை எங்கே போடுகிறார், அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய வெள்ளைக் காகிதம் எங்கே போகிறது என்று உங்கள் ஊருக்குள் ஒரு வாரம் சும்மா சுற்றிக் கேட்டுப் பாருங்கள். இப்படி இருபது இடங்களைப் பிடித்துவிட்டால் அதுவே உங்கள் தொழிலின் அடிப்படை.

கையில் காசில்லாமல் எப்படி வாங்குவது என்ற கேள்வி வரும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு போனவர்கள் இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்திலேயே விடை கண்டிருந்தார்கள். வீட்டில் கிடக்கும் துருப்பிடித்த ஆணிக்கு வீட்டுக்காரர் விலை வைப்பதில்லை. குழந்தைக்குத் தின்ன ஏதாவது கிடைத்தால் அவருக்கு அதுவே போதும். இன்றும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் பழைய பொருள் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் உழைப்பைக் கொடுக்கலாம். டீக்கடையில் காலையும் மாலையும் கடை வாசலைக் கூட்டித் தருகிறேன், பால் கவரையும் அட்டைப் பெட்டியையும் எனக்கு ஒதுக்கி வையுங்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். எந்த ஏற்பாடாக இருந்தாலும் ஒன்று முக்கியம்: செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொன்னால் மழை பெய்தாலும் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். நீங்கள் போகாத நாளில் அந்தப் பொருள் குப்பை வண்டியில் ஏறிவிடும், அடுத்த வாரம் உங்களுக்காக யாரும் ஒதுக்கி வைக்க மாட்டார்கள்.

உலோகத்தை அறிவது

பணம் இருக்கும் இடம் உலோகம்தான். எனவே இதை நிதானமாகப் படியுங்கள்.

காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் இரும்பு. ஒட்டாதது எல்லாம் இரும்பைவிட விலை கூடியது என்று தொடக்கத்தில் நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாகாது. நல்ல தரமான எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது, அல்லது மிக லேசாகத்தான் இழுக்கும்; மட்டமான எவர்சில்வரில் நன்றாக ஒட்டும், அதற்கு விலையும் குறைவு. அலுமினியம் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும், ஏனென்றால் அதே அளவுள்ள இரும்புத் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். செம்பு சிவப்பு, பித்தளை மஞ்சள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய பொருளில் எந்த உலோகமும் தன் நிறத்துடன் இருப்பதில்லை. அழுக்கும் பாசியும் முலாமும் அதை மூடியிருக்கும். அதற்காகத்தான் அரம். வெள்ளையாகப் பளபளக்கும் பழைய தண்ணீர்க் குழாயை எல்லோரும் இரும்பு என்றோ தகரம் என்றோ நினைத்து எறிவார்கள். அதன் அடிப்பாகத்தில் அரத்தால் ஒரு முறை இழுங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் அது முலாம் பூசிய பித்தளை. நான் கடை வைத்திருந்த காலத்தில், இரும்புச் சாக்குக்குள் குரோம் பூசிய பித்தளைக் குழாய் கலந்து வராத வாரமே இருந்ததில்லை. கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு இதைத் தனியே எடு என்று சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர்கள் குறைவு.

பழுதான ஒரு சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு இரும்பு 30 ரூபாய், அலுமினியம் 130 ரூபாய், செம்பு 650 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். இவை இன்றைய சந்தை விலைகள் அல்ல. விலை நாளுக்கு நாள் மாறும், நான் காட்ட விரும்புவது அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைத்தான். ஃபேனில் இரண்டரைக் கிலோ இரும்பும், ஒரு கிலோ அலுமினியமும், 300 கிராம் செம்பும் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 3.8 கிலோவையும் இரும்பு விலைக்குப் போட்டால் கிடைப்பது 114 ரூபாய். பிரித்து விற்றால் இரும்புக்கு 75, அலுமினியத்துக்கு 130, செம்புக்கு 195, ஆக 400 ரூபாய். ஃபேனாகவே கேட்கும் கடைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை சொல்லும்; அந்த விலையைத் தாண்டி நிற்கும் பணம்தான் உங்கள் பிரிக்கும் கூலி.

பிரிப்பது கடினமில்லை. இறக்கைகளையும் தண்டையும் கழற்றிய பிறகு மோட்டார் மூடியின் திருகுகளை எடுத்தால் உள்ளே தகடுகளின் பள்ளங்களில் சுற்றிய கம்பிச் சுருள் தெரியும். ஒரு பக்கச் சுருளை உளியால் வெட்டிவிட்டு மறுபக்கம் பிளேயரால் இழுத்தால் கம்பி கொத்துக் கொத்தாக வந்துவிடும். ஆனால் செம்பு என்று மகிழ்வதற்கு முன் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். விலை குறைந்த மோட்டார்களில் அலுமினியக் கம்பியைச் சுற்றி, மேலே செம்பு நிற வார்னிஷ் பூசியிருப்பார்கள். சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். இரண்டையும் கலந்து கொண்டு போனால் கடைக்காரர் மொத்தத்தையும் அலுமினியம் என்றுதான் எடுப்பார். பேரிங் சத்தமில்லாமல் சுழன்றால் அதை உடைக்காமல் ஃபேன் பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள், இரும்பு விலையைவிட நன்றாகவே தருவார்.

அலுமினியத்திலும் கலப்பு கூடாது. பாத்திரம், மின்கம்பி, வார்ப்பு, குளிர்பான டின் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை. அலுமினியக் குக்கரில் ஒட்டியிருக்கும் இரும்புத் திருகையும் பிளாஸ்டிக் கைப்பிடியையும் கழற்றினால் எடை குறையும், விலை ஏறும். கழற்றாமல் விட்டால் கழிவு என்று சொல்லி அதைவிட அதிகமாகவே குறைப்பார்கள்.

வயரை எரிக்காதீர்கள்

செம்பு வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் சொந்த உடம்பையே கெடுத்துக்கொண்டேன். மேலுறையை நீக்குவதற்கு வயர்க் கட்டைத் தீயில் போடுவதுதான் எங்கள் ஊரில் வழக்கம். அந்த உறை பி.வி.சி.; அதில் குளோரின் இருக்கிறது. எரியும்போது எழும் கரும்புகையில் டயாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உண்டாகின்றன. இரண்டு ஆண்டுகள் அந்தப் புகையில் நின்றதன் பிறகு எனக்கு வந்த இருமல் இன்றும் முழுவதும் விடவில்லை. திறந்த வெளியில் குப்பையை எரிப்பது விதிப்படியும் குற்றம். தொழில் கணக்கில் பார்த்தாலும் நட்டம்தான்: எரித்த செம்பு கறுத்துப் போய் விலை குறையும், உரித்த செம்பு பளபளவென்று முதல்தர விலை பெறும்.

உரிப்பதற்கு ஒரு பலகை போதும். கெட்டியான மரக்கட்டை ஒன்றில், உங்களிடம் உள்ள வயரின் பருமனுக்குச் சற்றே பெரிய துளை போடுங்கள். துளையின் மேற்புறத்திலிருந்து ஒரு கட்டர் பிளேடை இறக்கி, அதன் முனை உறையை மட்டும் கிழிக்கும் ஆழத்தில், கம்பியைத் தொடாதபடி, இரண்டு திருகுகளால் இறுக்கிவிடுங்கள். கட்டையை மேசையிலோ திண்ணையிலோ அசையாமல் பிணைத்துவிட்டு, வயரின் நுனியை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் பிளேயரால் பிடித்து இழுத்தால், உறை நீளவாக்கில் பிளந்து கொண்டே வரும். பிறகு வாழைப்பழத் தோலைப்போல உரித்துவிடலாம். வெவ்வேறு பருமனுக்கு மூன்று நான்கு துளைகள் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒயர்களை உரிப்பதில் நேரம் செலவிடாமல் உறையுடனேயே விற்றுவிடுவது நல்லது.

பிளாஸ்டிக், காகிதம், பாட்டில்

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் அச்சாகியிருக்கும். 1 என்றால் தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட், 2 என்றால் ஷாம்பு, எண்ணெய் டப்பாக்களின் கெட்டியான எச்.டி., 3 பி.வி.சி., 4 பால் கவர் போன்ற மெல்லிய எல்.டி., 5 உணவு டப்பாக்கள் செய்யும் பி.பி., 6 பாலிஸ்டைரின் (தெர்மாகோல் இதன் நுரை வடிவம்), 7 மற்றவை. எண் அழிந்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் உதவும். ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் நீக்கிவிட்டு விடுங்கள். எச்.டி., எல்.டி., பி.பி. மூன்றும் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் தெர்மாகோல் அல்லாத கெட்டியான பாலிஸ்டைரினும் மூழ்கும். பாட்டில் மூழ்கும்போது அதன் மூடி மிதப்பதைப் பார்ப்பீர்கள். ஆகவேதான் மூடியைக் கழற்றித் தனிச் சாக்கில் போட வேண்டும். கொளுத்தி முகர்ந்து பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

பால் கவரில் பலரும் ஏமாறுவது நாற்றத்தால். டீக்கடையிலிருந்து எடுத்த அன்றே பிளந்து, இரண்டு முறை அலசி, கொடியில் உலர்த்திவிட்டால் அது சுத்தமான எல்.டி. சரக்கு, இரண்டு நாள் சாக்கிலேயே விட்டால் புளித்து, ஈ மொய்த்து, அக்கம்பக்கத்தார் உங்களை அந்த இடத்தை விட்டே துரத்திவிடுவார்கள். கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கிழிக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிறு துண்டுகள்தான் சாக்கடைக்குப் போகின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்கும் கப்புகளுக்கும் பின்னால் அலையாதீர்கள், அவற்றை வாங்குவாரில்லை.

காகிதத்தில் நோட்டுப் புத்தகம், செய்தித்தாள், பழுப்பு அட்டை என்று மூன்றாகப் பிரித்தால் போதும். மழைக்காலத்தில் நனையாமல் காப்பதே இதில் முழு வேலை. எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. ஒரு முறை பிடிபட்டால் அந்தக் கடையில் உங்கள் நல்ல சரக்குக்கும் கழிவு பிடிப்பார்கள்.

கண்ணாடியில், உடையாத பாட்டிலுக்கும் உடைந்த சில்லுக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரியது, ஏனெனில் முழுப் பாட்டில் கழுவப்பட்டு மறுபடியும் நிரப்பப்படுகிறது. நீலகிரியில் காட்டோரம் வீசப்பட்ட மதுப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்து வந்ததை ஒட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் அங்கே காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் வந்தது; பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. நேற்றுவரை யாரும் குனிந்து எடுக்காத பாட்டிலுக்கு ஒரே நாளில் விலை வந்தது இப்படித்தான். உங்கள் மாவட்டத்தில் அத்திட்டம் நடப்பில் இருந்தால், பாட்டிலில் ஒட்டிய அடையாளச் சீட்டு கிழியாமல் பார்த்து எடுங்கள்.

தொடக்கூடாதவை

கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் அமிலம் கையைச் சுடும், ஈயத்தூள் வீட்டிலுள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். முழு பேட்டரியாகவே புது பேட்டரி விற்கும் கடையில் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கிறது. டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் உண்டு. பழைய டிவியின் படக்குழாயையும் மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்க வேண்டாம், மின்சாரம் இல்லாமலேயே உள்ளே தேங்கிய மின்னழுத்தம் ஆளைத் தூக்கி எறியும். மருத்துவமனைக் கழிவு, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது.

திருட்டுப் பொருள் இன்னொரு வகை ஆபத்து. திருடியதாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருளைக் கையில் வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மின்வாரியக் கம்பி, பாதாளச் சாக்கடை மூடி, கோயில் விளக்கு, சமையல் எரிவாயு சிலிண்டர் என்று யார் எவ்வளவு குறைந்த விலைக்குக் கொண்டு வந்து நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஏழைக்கு ஒரு வழக்கு என்றால் ஐந்து ஆண்டுச் சம்பாத்தியம் போய்விடும்.

விற்கும் முறை

தினமும் விற்காதீர்கள், ஆனால் விலை ஏறும் என்று பதுக்கவும் செய்யாதீர்கள். அட்டை, இரும்பு, பிளாஸ்டிக் ஆகியவை இடத்தை அடைப்பவை. வாரம் ஒரு முறை விற்று அன்றாடச் செலவைப் பாருங்கள். செம்பும் பித்தளையும் சிறிய பெட்டிக்குள் அடங்குபவை, கெட்டுப் போகாதவை. அவற்றை ஐந்து கிலோ, பத்து கிலோ சேரும்வரை வைத்திருந்து, பக்கத்து நகரத்தில் உள்ள மொத்தக் கடைக்குப் பேருந்தில் எடுத்துச் சென்று விற்றால், பேருந்துக் கட்டணம் போக மிச்சம் நிற்கும். எங்கே விற்றாலும் புறப்படும் முன் இரண்டு கடைகளிலாவது அன்றைய விலையைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே என் மனத்தில் இன்னும் ஆறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடங்கிய மூன்றாம் மாதம் என் மகளின் மருத்துவச் செலவுக்காக ஒரு கடைக்காரரிடம் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினேன். வட்டி கேட்கவில்லை, அதை அப்போது உதவியாகவே நினைத்தேன். ஆனால் அன்று முதல் என் சரக்கை அவருக்கு மட்டுமே போட வேண்டியதாயிற்று, விலையும் அவர் வைத்ததாயிற்று. கிலோவுக்கு இரண்டு ரூபாய், செம்புக்கு ஐம்பது ரூபாய் என்று குறைத்ததைக் கூட்டிப் பார்த்தபோது, ஓர் ஆண்டில் அந்த ஐயாயிரத்தை நான்கு முறை திருப்பிக் கொடுத்திருந்தேன், கடனோ அப்படியே இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஏழைகளாகவே இருப்பதற்கு நான் அறிந்த பெரிய காரணம் இதுதான். முன்பணம் தேவைப்படும் நாள் வரும். அதற்கு மகளிர் சுய உதவிக் குழுவில் வீட்டுப் பெண்கள் சேர்ந்திருந்தால் அங்கே வாங்குங்கள், அங்கே வட்டி உண்டு, ஆனால் உங்கள் சரக்குக்கு விலை வைக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

சேர்ந்து விற்பதும் ஒரு வழி. புணேயில் கழிவு சேகரிப்பவர்கள் 1993இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் வழியாக அவர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பு உருவாகி, 2008இல் மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. அதில் பெரும்பாலோர் பெண்கள். உங்கள் ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அட்டையை ஒரே லோடாகச் சேர்த்து மில்லுக்கு நேராக அனுப்பினாலே நடுவில் ஒரு கை குறையும். கொங்குப் பகுதியில் பழைய அட்டையைக் கூழாக்கிப் பழுப்புக் காகிதம் செய்யும் ஆலைகள் இருப்பதால் அங்கே இது எளிது.

விற்பதை விட்டுச் செய்வதற்கு

பிரித்து விற்பதில் கை பழகிய பின், கிடைக்கும் பொருளில் ஒன்றையாவது நீங்களே பொருளாக்க முயலுங்கள். எங்கள் பக்கம் அதற்கு ஏற்றது திருப்பூரின் பனியன் கட்டிங் வேஸ்ட். வெட்டு மேசையிலிருந்து விழும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. பருத்தித் துண்டுகள் மீண்டும் பஞ்சாக்கப்பட்டு நூற்பாலைகளுக்குப் போகின்றன, வெள்ளைத் துணி இயந்திரம் துடைக்க விலை போகிறது. சிறு மூட்டை ஒன்றை வாங்கி முதலில் பருத்தியையும் பாலியெஸ்டரையும் பிரியுங்கள். ஐயமான துணியில் ஒரே ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால், பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகிச் சிறு மணியாக இறுகும்.

பருத்தித் துண்டுகளில் கால்மிதி செய்யலாம். ஒன்றரை அங்குல அகலத்தில் நாடாக்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துவிட்டால் பனியன் துணி தானாகவே சுருண்டு கயிறுபோல ஆகும். மூன்று நாடாக்களைச் சடை பின்னுவதுபோலப் பின்னி, முடியும் இடத்தில் அடுத்த நாடாவை நுனியில் துளையிட்டுக் கோத்து, நீளமான சடையாக்குங்கள். அந்தச் சடையை முட்டை வடிவில் சுற்றிச் சுற்றி அடுக்கி, கோணி ஊசியால் அடிப்பக்கம் தைத்துக்கொண்டே போக வேண்டும். சுற்றும்போது இழுத்துப் பிடித்தால் நடுவில் கிண்ணம்போலக் குழியும், தளர விட்டால் ஓரம் அலையலையாக நிற்கும், தரையில் வைத்தபடியே தைத்தால் இரண்டும் வராது. ஒரு கால்மிதிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ துணி ஆகும். முதல் மிதிக்கு ஒரு முழு நாள் பிடிக்கும், கை பழகியபின் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முடிக்கலாம். அடர் நிறங்களை வெளிச்சுற்றில் வையுங்கள், அழுக்குத் தெரியாததால் வாங்குகிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். வாரச் சந்தையில் விற்பதைவிட, நீங்கள் பழைய பொருள் எடுக்கப் போகும் அதே வீடுகளில் காட்டினால் விரைவில் விற்றுவிடும். அவர்கள் உங்களை ஏற்கெனவே அறிவார்கள்.

பணத்தைக் கையாள்வது

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாக்கில் வரும் பாதி எழுதிய நோட்டின் வெற்றுப் பக்கங்களே போதும். இடப்பக்கம் எந்த இடத்திலிருந்து என்ன சரக்கு, எவ்வளவு, என்ன கொடுத்து வாங்கினீர்கள் என்றும், வலப்பக்கம் எங்கே என்ன விலைக்கு விற்றீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால், இருபது இடங்களில் ஏழெட்டு இடங்கள்தான் உண்மையில் உங்களுக்குச் சோறு போடுகின்றன என்பது தெரிந்துவிடும். மற்ற இடங்களுக்கு நடக்கும் நேரத்தை வீட்டில் உட்கார்ந்து பிரிக்கும் வேலைக்குக் கொடுங்கள்.

அட்டையும் இரும்பும் விற்ற பணம் அரிசிக்கும் பருப்புக்கும். செம்பு விற்ற பணத்தை மட்டும் அதற்கு எடுக்காமல் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். அதில் முதலில் வாங்க வேண்டியது கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய மின்னணுத் தராசு. அது வந்ததும் வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் எடையை நீங்களே சொல்லலாம். அதன்பின் பழைய மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைத் தேடுங்கள். புதிது வேண்டாம். பலகை உடைந்தும் அச்சும் சக்கரமும் நேராக இருக்கும் வண்டி இரும்புக் கடைகளுக்கே அவ்வப்போது எடைக்கு வரும். உங்களுக்குப் பழக்கமான கடையில் சொல்லி வைத்தால், வெட்டுவதற்கு முன் கூப்பிடுவார்கள்.